புதன்கிழமை மூச்சுத்திணறல்

15 மார்ச் 2006, புதன்

ரெனேவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதயம் பலவீனம், உடம்பில் நீர் கோர்க்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். போன மாதமும் புதன், ஜனவரியிலும் புதன். மூச்சுக்குக் கிழமை தெரியுமா?

அதோடு, மூச்சு வாங்குகிற மனிதர் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையாகத் தேடி மாட்டுவாரா? வார்டில் நுழைந்ததும் கமலவேணி சிஸ்டர், "வந்துட்டீங்களா முசியே, உங்க கட்டிலு காலியாத்தான் இருக்கு" என்றாள். உங்க கட்டிலாம். என் புருஷனுக்குப் பல்லெல்லாம் தெரிகிறது.

19 மார்ச், ஞாயிறு

சாத்துக்குடி கொண்டுபோனேன். அவள் ஏற்கெனவே உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

23 ஏப்ரல், ஞாயிறு

பூசைக்கு வரவில்லை என்றுவிட்டார். கோயிலிலிருந்து வந்து கை கழுவப் போனால், சோப்பு டப்பாவுக்குள் அவருடைய கல்யாண மோதிரம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள் கழற்றியதில்லை. கேட்டதற்கு, "சும்மா, அரிக்குது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வியாழனிலிருந்து கட்டிலிலும் படுப்பதில்லை. ஹாலில் சாய்வு நாற்காலி. புழுக்கமாம். ஃபேன் கட்டிலுக்கு மேலேதானே இருக்கிறது? புதுச் செருப்பு வேறு, ஒரு அளவு பெரிதாக.

இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா? யாருகிட்ட போய்ச் சொல்றது? பாரிஸில் இருக்கிற மகள் ஏலிஸிடம் சொன்னால் சிரிப்பாள்.

26 ஏப்ரல், புதன்

நினைத்தேன். விடிந்ததும், "போலாம், ஆட்டோ கூப்புடு" என்றார். இஸ்திரி சட்டை. ஆனால் இந்த முறை பேச்சே வரவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆக்சிஜன் வைத்தார்கள். நான் வெளியே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன் சாகக் கிடக்கும்போது என் புத்தி போகிற போக்கு.

28 ஏப்ரல், வெள்ளி

கேட்டேவிட்டேன். மோதிரம், நாற்காலி, செருப்பு, புதன்கிழமை — எல்லாவற்றையும். கமலவேணி கோபப்படவில்லை. மாத்திரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மதாம், விரல் வீங்குனா மோதிரத்த கழட்டித்தான் ஆவணும். படுத்தா மூச்சு முட்டும், அதான் நாற்காலி. காலும் வீங்கிச்சி, பழைய செருப்பு பத்தல."

"புதன்கிழமை?"

"இங்க ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு யூனிட்டு. அன்னிக்கி வர்றவங்கள அந்த டாக்டருங்கதான் பாப்பாங்க. புதன் எங்க யூனிட்டு. தீபாவளிக்கு முன்ன சனிக்கிழமை வந்தாரில்ல? வேற வார்டுல போட்டாங்க. யாருக்கும் இவரத் தெரியல. மொதல்லேருந்து கதை, மொதல்லேருந்து டெஸ்ட்டு, மாத்திரையும் மாத்திட்டாங்க. எங்க டாக்டருக்கு இவரு ஒடம்பு அத்துப்படி. அதனால புதன் வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துருக்காரு. இன்னிக்கி காலையிலதான் ஒத்துக்கிட்டாரு. டாக்டரு நல்லா திட்டிட்டாரு."

ஆறு நாள். பக்கத்து அறையில் மூச்சுக்குத் தவித்தவரை நான் வேவு பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவர்மேல் கோபமாகவும் இருக்கிறது.

4 ஜூன், ஞாயிறு

காலையில் சோப்பு டப்பாவில் மோதிரம்.

"புதன்கிழமை போயிக்கலாம், மூணு நாள்தான" என்றார்.

"மூணு நாள்ல கல்லறைக்குத்தான் போவீங்க. கெளம்புங்க."

ஞாயிற்றுக்கிழமை யூனிட். தெரியாத முகம், சின்ன வயசு லேடி டாக்டர். எப்போதிலிருந்து வீக்கம், என்னென்ன மாத்திரை, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள். ரெனே என்னைப் பார்த்தார், நான் சொன்னேன் இல்லையா என்பதுபோல.

பையிலிருந்து இந்த நோட்டை எடுத்துப் படித்தேன். மோதிரம் கழன்ற தேதி, நாற்காலிக்கு மாறிய நாள், செருப்பு, உதடு நீலம். பின்பக்கத்தில் கமலவேணியைக் கேட்டு எழுதிவைத்த மாத்திரைப் பெயர்கள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தாள்.

"இவ்ளோ கரெக்டா யாரும் சொன்னதில்லம்மா. இதெல்லாம் எதுக்குக் குறிச்சி வச்சீங்க?"

நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

7 ஜூன், புதன்

மூன்றே நாள். மருந்தை மாற்றவில்லை, அளவை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். புதன்கிழமையில் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

20 ஆகஸ்ட், ஞாயிறு

பத்து வாரமாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. தினமும் காப்பிக்கு முன்னால் அவர் கையை நீட்டச் சொல்லி மோதிரத்தைத் திருகிப் பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன்.

"இன்னமும் சந்தேகமா?" என்றார்.

"ஆமா" என்றேன்.