கல் தட்டுகிறது என்று சொன்னவள்

என் உயிரான ஏழுமலை அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உப்பளத்தில் பாத்தி மிதிக்க ஆரம்பித்துவிட்டோம். உனக்கு ஒரு நல்ல சேதி சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று. மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

உன்னைக் கொன்ற ஷட்டரை இடிப்பதாக இருந்தது, அண்ணா. கடல் தண்ணீர் மேற்கே வயலுக்குள் ஏறாமல் தடுத்துக்கொண்டு, உப்பங்கழிக்குக் குறுக்கே நிற்கிறதே, அந்தக் கிழட்டு அணையைத்தான். துருப்பிடித்த கதவைத் தூக்கும்போது சங்கிலி அறுந்து உன்னை அடித்த பிறகு நானே மனு எழுதினேன். கதவைத் தூக்கி இறக்க இன்னொரு லஸ்கரை வைத்து அவனையும் சாகக் கொடுக்காதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கழிக்குள் மீன் ஏறும் என்று அனுமந்தை மீனவர்களும் போட்டார்கள்.

மனு போனதும் கடப்பாரையோடு வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். இடித்தால் தண்ணீர் எதுவரை போகும், எந்த நிலத்தில் உப்பு ஏறும் என்று பார்த்து, ஊரைக் கூட்டிக் கேட்ட பிறகுதான் முடிவாம். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வந்த இன்ஜினீயர் கையில் என்ன இருந்தது தெரியுமா? உன் ரிஜிஸ்டர். தினமும் காலையும் மாலையும் அளவுப் பலகையைப் பார்த்துத் தண்ணீர் உயரத்தை எழுதுவாயே, அது.

"இந்த லஸ்கர் ஒரு நாள்கூட விடலைங்க. இவர் எழுதின அளவுப்படி பாத்தா, ஷட்டர எடுத்தாலும் கடல் தண்ணி வயலுக்கு முன்னால இருக்கற பனமரத்தோட நின்னுடும். வயலுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

முதலில் பெருமையில் நெஞ்சு விம்மியது. அடுத்த நிமிடமே அந்தப் பலகை கண்ணில் வந்து நின்றது.

ஞாபகம் இருக்கிறதா? புயலில் பழைய பலகை அடித்துப் போன பிறகு புதுசை நீயும் நானும்தானே வைத்தோம். பலகையின் அடி, ஷட்டரின் கல்தளத்தில் உட்கார வேண்டும். நீ தூண்மேல் நின்று பலகையைப் பிடித்திருந்தாய். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் அடியைத் துழாவினேன். "அஞ்சல, கல்லு தட்டுதா பாரு" என்றாய். "தட்டுதுண்ணா, அடி" என்றேன். நீயும் ஆணி அடித்துவிட்டாய்.

உப்பளத்தில் வெந்து மரத்துப்போன கால், அண்ணா. கண்ணாடி குத்தினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அந்தக் காலுக்குக் கல் எது, இறுகிப்போன கிளிஞ்சல் எது?

நீ செத்த பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள். கிளிஞ்சலும் சேறும் அரித்துப் போய்த் தரைக்கல் தெரிந்தது. பலகை அதற்கு மேலே ஒரு முழம் அந்தரத்தில் நின்றது. இடிக்கப் போகிற அணைதானே என்று பேசாமல் வந்துவிட்டேன். மழையில் சேறு மறுபடி மூடிவிட்டது. பார்த்தது நான் ஒருத்திதான்.

அப்படியானால் ஆறு வருடமாக நீ எழுதியதெல்லாம் ஒரு முழம் குறைச்சல். தண்ணீர் பனைமரத்தோடு நிற்காது. நேரே வயலுக்குள் போய்விடும். உனக்கு இது முன்பே தெரியுமா? தங்கச்சியைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாயா?

கூட்டத்தில் குப்பம்மா எழுந்தாள். மேற்கே கழியை ஒட்டி அரைக் காணி வைத்திருக்கிறாளே, அவள்தான். "உப்பு ஏறாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏழுமல எழுதனதுன்னா சரி சார். அவுரு பொய் எழுத மாட்டாரு." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டு நாள் சோறு இறங்கவில்லை. பாத்தி மிதிக்கும்போதெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். சொன்னால் உன் பெயர் கெடும், உன்னைக் கொன்றதும் இடிபடாமல் நிற்கும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

நேற்று இரண்டாவது கூட்டம். எழுந்துவிட்டேன். "சார், அந்தப் பலக தப்பு. ஒரு மொழம் மேல நிக்குது. கல்லு தட்டுதுன்னு சொன்னது நாந்தான். எங்கண்ணன் பலகையில இருந்தததான் எழுதனாரு."

"ஏம்மா, மனு குடுத்ததே நீதான! நாட்டுல எமர்ஜென்சி நடக்கற நேரத்துல ஆபீசர்கிட்ட வெளையாடறியா?" என்று அனுமந்தைக்காரர் ஒருவர் கத்தினார். இன்ஜினீயர் உன் ரிஜிஸ்டரை மூடினார். "அப்ப முழுசா திரும்ப அளக்கணும். அதுவரைக்கும் ஷட்டர் இருக்கும்" என்றார். வெளியே வந்தபோது குப்பம்மா மட்டும் என் பக்கத்தில் நடந்தாள்.

இன்று காலை புது லஸ்கர் அதே கதவைத் தூக்குவதைப் பார்த்தேன். அந்தச் சங்கிலி கிறீச்சிடும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. நான் செய்தது சரிதானா, அண்ணா?

திங்கட்கிழமை பலகையைப் பிடுங்கிச் சரியாக அடிக்கப் போகிறார்கள். தண்ணீரில் ஆள் இறக்குகிறேன் என்றார் இன்ஜினீயர். நான்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை காலை நம்ப மாட்டேன். மூழ்கி, கிளிஞ்சலைக் கையால் தோண்டி, கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி, "அடி" என்று சொல்வேன். இது உனக்குச் சத்தியம்.

தண்ணீரில் நின்று உனக்குத் தப்பாகச் சொன்ன உன் தங்கச்சி,
அஞ்சலை