டப்பாவில் ஒட்டிய பொய்

பெஹாலா, கொல்கத்தா
6.12.2009

அன்புள்ள தங்கை சுப்புலக்ஷ்மிக்கு,

அக்கா எழுதுவது. நலமாகவே இருக்கிறேன், இடது கையில் மாவுக்கட்டு இருப்பதைத் தவிர. பதறாதே. சமையலறையில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எழுதும் கை தப்பித்தது.

இவ்வளவு லேசாக விழுந்ததற்கு முறியலாமா என்று டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எலும்பு மெலிந்திருக்கிறதாம். வயது ஒரு காரணம். உன் அத்திம்பேர் எனக்கு விட்டுப்போன எச்.ஐ.வி. ஒரு காரணம். அதற்காக விழுங்கும் மாத்திரைகளில் ஒன்றும் சேர்ந்துகொண்டதாம். பள்ளிக்கூடத்துத் தீதிமணியாக, அதாவது டீச்சராக, வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன்: எலும்பு ஒரு பழைய வீடு. ஒரு பக்கம் இடித்துக்கொண்டே இருப்பார்கள், மறுபக்கம் கொத்தனார் கட்டிக்கொண்டே வருவார். எனக்கு இடிப்பவர்களின் கை வேகமாகிவிட்டது. அந்த ஒரு மாத்திரையை மாற்றிவிட்டார்கள். ஆனால் ஒரு நாளும் மருந்தை விடக்கூடாது என்றார் டாக்டர். விடுவேனா? அது எனக்குக் கொடுத்த ஐந்து வருஷ உயிருக்கு முன் ஒரு மணிக்கட்டு பெரிதா?

இப்போது கால்சியமும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். சிரிக்காதே. அண்ணி முறையில் நான் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு தாராவிடம் இத்தனை நாளும் நான் சொல்லிவந்தது என்ன? காலையும் இரவும் விழுங்குவது எலும்புக்கான கால்சியம் என்றுதானே! டப்பாவில் அப்படியே எழுதி ஒட்டியும் வைத்திருந்தேன். மாவுக்கட்டைப் பார்த்ததும், அஞ்சு வருஷமா எலும்பு மாத்திரை தின்னுட்டு எலும்பையே உடைச்சுக்கிட்டீங்களே தீதிமணி, எந்த டாக்டர் குடுத்தான், வாங்க நாலு கேள்வி கேக்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மாட்டிய செருப்போடு இறங்கிப் போனாள். மற்றவர்களைப் போல இவளும் போய்விட்டாள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அரை மணியில் சீப்போடு ஏறி வந்தாள். ஒத்தைக் கையால எப்படிப் பின்னுவீங்க, திரும்பி உக்காருங்க என்றாள். பின்னி முடித்து, டீ போட்டு, என் டம்ளரிலேயே தானும் குடித்தாள். அவள் கோபமெல்லாம் நான் பொய் சொன்னதற்குத்தானாம். இனி அவள் கண்ணெதிரே விழுங்க வேண்டுமாம். சின்ன மீனை முள்ளோடு தின்றால் எலும்பு கெட்டியாகும், உங்க சைவத்தை அப்புறம் பாத்துக்கலாம் என்கிறாள்.

உன் கடிதம் ஒரு மாதமும் தவறியதில்லை. அதுவும் எனக்கு மருந்துதான். கோடையில் வருகிறேன் என்று ஒவ்வொன்றிலும் எழுதுகிறாய். ஏழு கோடை போய்விட்டது, சுப்பு. ஜனவரியில் கட்டுப் பிரிப்பதற்குள் வந்தால் பின்னல் வேலையை உனக்கே தரச் சொல்கிறேன். உனக்கென்று, யாரும் வாய் வைக்காத ஒரு புது டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் ஒட்டிய சீட்டைக்கூட எடுக்கவில்லை. நீயே வந்து உரித்துக்கொள்.

எலும்பும் மனசும் கெட்டியாக நீங்கள் எல்லோரும் இருக்க வேண்டும்.

உன் அக்கா,
ஜகதாம்பாள்