கயிறு பிடித்த தம்பிக்கு

சேசு மரி சூசை

தூத்துக்குடி
22 ஆகஸ்ட் 1976

என் உடன்பிறந்த தம்பி சிலுவைக்கு, அக்கா சவேரியம்மாள் மாதாவின் பாதத்தை நினைத்துக்கொண்டு எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் பிள்ளையும் இருக்கிறோம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். பொறுத்துப் படி. ஜெபமாலை மாமிதான் எனக்குக் கடிதம் எழுதித் தருவார்கள் என்று உனக்குத் தெரியும். இதை அவர்களிடம் சொல்லி எழுத முடியாது. அதனால் நானே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை விழுந்துவிட்டது. மாதா திருவிழாவில் சப்பரம் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது என்றாள். பெர்னதெத்துக்கு முன்பல் விழுந்துவிட்டது. மாமா வந்து பார்க்கட்டும் என்று அந்த ஓட்டை வாயோடு பல்லே துலக்க மாட்டேன் என்கிறாள். நான் இறால் கம்பெனியில் தலை கிள்ளுகிற வேலைக்குப் போகிறேன். ஐஸ் தண்ணீரில் விரலெல்லாம் வெளுத்துப் போகிறது. மற்றபடி குறை இல்லை. பக்கத்தில் சந்தனமாரி என்று ஒருத்தி, குலசேகரன்பட்டினத்துக்காரி. தம்பி மதுரை ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் பேசியே சுகமாகிறான் என்று அவளிடம் சொன்னேன். "ஏளா, பேசுனா சொகமாவும்னா நான் எப்பவோ சொகமாயிருக்கணும், எங்க மாமியாகிட்ட கேட்டுப் பாரு" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். உன் மச்சான் கடலோடு போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் உன்னோடு பேசுகிற ஜீவமணி அம்மா ஒரு கார்டு போட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக நீ அவர்கள் அறைக்குப் போகிறாய், உட்காருகிறாய், நேரம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுகிறாயாம். ஒரு வார்த்தை இல்லையாம். ஊரிலிருந்து யாரும் வந்து உன்னைப் பார்த்தார்களா என்று கேட்டிருந்தார்கள். வேறு ஒன்றும் எழுதவில்லை.

ராஜதுரை மாமா உப்பு லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தபோது உன்னைப் பார்த்தார் என்று தெரியும். போய்க் கேட்டேன். "ஆமாளா, பாத்தேன். எல்லாத்தையும் அந்தம்மாட்ட சொல்லிருலே, அது அக்காட்ட சொல்லிரும், அவளுக்கும் மனசு ஆறும்னேன். நல்லதுதானே சொன்னேன்" என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, உன் வாயை அடைத்தது எது என்று.

மாமாவைக் குறை சொல்லாதே. நம் ஆட்கள் வழக்கம் அதுதானே. பேச்சு முறிந்தவர்கள் நேரில் பேச மாட்டார்கள். சம்பந்தியிடம் சொல்வார்கள், ஞானத்தாயிடம் சொல்வார்கள், அது உரியவர் காதுக்குப் போய்விடும். மூன்றாம் ஆளிடம் ஒன்றைச் சொல்வதே அதற்குத்தான். பெண் கேட்பதும் அப்படித்தான், மன்னிப்புக் கேட்பதும் அப்படித்தான். ஜீவமணி அம்மாவையும் அப்படி ஒரு மூன்றாம் ஆள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது இல்லை தம்பி. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னை எங்கெங்கே கொண்டு போனோம். கடலிலிருந்து வந்த அன்று மடங்கின உன் வலது கை விரியவே இல்லை. ஏரல் வைத்தியர் எண்ணெய் போட்டுத் தடவினார். அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை தோறும் படுத்திருந்தோம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாய். இதில் உன் பாவம் ஒன்றும் இல்லை, போய்வா என்று நல்ல மனதோடுதான் அனுப்பினார். பாவம் என்று சொல்லியிருந்தாலாவது நீ அதை அங்கே இறக்கி வைத்திருப்பாயோ என்னவோ. பிறகு ஒரு பெரிய டாக்டர். அவர் உன்னைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தூக்கம் உண்டா, சாப்பாடு இறங்குகிறதா. நான்தான் பதில் சொன்னேன். மாத்திரை கொடுத்தார். நீ தூங்கினாய். முழித்தபோது கை மடங்கினபடிதான் இருந்தது.

எல்லா இடத்திலும் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் சரி என்று எல்லாரும் சொன்னார்கள். தாலி இழந்தவளே பக்கத்தில் இருந்தால் அவனுக்குத் தைரியம் வரும் என்றார்கள்.

ஜீவமணி அம்மா ஒருவர்தான் என்னை வெளியே போகச் சொன்னவர்கள். அதற்கு முன்னால் என்னிடம் ஒன்று கேட்டார்கள். அவர்கள் நாசரேத்துக்காரர்கள், கடல் தொழில் தெரியாது. சங்கு குளிக்கிற உங்கள் வீட்டுக்காரருக்கு ஏன் இவர் கயிறு பிடித்தார் என்று கேட்டார்கள். நான் சொன்னேன். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான் அம்மா. குளிக்கிறவன் உயிர் மேலே இருக்கிறவன் கையில். கீழே இருந்து கயிற்றை அசைத்தால் இவன் உடனே இழுக்க வேண்டும். அதை அண்ணன் தம்பியை நம்பிக்கூடக் கொடுக்க மாட்டார்கள். சொத்துக்கு ஆசைப்படுவான் என்று பயம். பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காளை எவன் விதவையாக்குவான் என்றேன்.

சொல்லி முடித்துவிட்டு உன்னைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு அந்த அம்மா என்னிடம், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார்கள். எனக்குக் கோபம் என்றால் கோபம். பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. வெளியே வந்து நீ, டீ குடிப்போமா அக்கா என்றாய். அத்தனை மாதத்துக்கு அப்புறம் நீ தானாகக் கேட்டது அதுதான். அப்போதே விளங்கிக்கொண்டேன், உனக்கு ஏற்ற ஆள் கிடைத்துவிட்டது என்று.

ஆனால் மனசு கேட்கவில்லை தம்பி. போன மாதம் வந்திருந்தபோது நீ வார்டுக்குப் போனதும் நான் திரும்பி அவர்கள் அறைக்குப் போனேன். ஒரே ஒரு காரியம் மட்டும் சொல்லுங்கள் அம்மா, அன்றைக்குக் கயிறு அசைந்ததா இல்லையா, இவன் உங்களிடம் சொல்லியிருப்பானே என்றேன். சிலுவை என்னிடம் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்று எதையும் நான் சொல்லக்கூடாது என்றார்கள். அழுதேன். காலைத் தொடப்போனேன். பிறகு ஏசினேன். "புருசனக் குடுத்தவ நானு, எனக்கில்லாத உரிமை ஒமக்கா" என்று கத்தினேன். நர்சு ஓடி வந்துவிட்டாள். அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். "ஒங்க துக்கத்தையும் ஒருத்தர் கேக்கணும். ஆனா அது நான் இல்ல. நான் சிலுவைக்கு உள்ளவ" என்றார்கள். பாளையங்கோட்டையில் ஒரு அம்மா இருக்கிறார்கள் என்று பெயரும் சொன்னார்கள். நான் இன்னும் போகவில்லை.

பஸ்ஸில் வரும்போது கோவில்பட்டி வரைக்கும் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு திட்ட வரவில்லை. காலைத் தொடப்போய் அழுத எனக்கே சொல்லாதவர்கள் வேறு யாருக்குச் சொல்வார்கள்? ராஜதுரை மாமாவுக்கா? போலீசுக்கா? அதை நீயே யோசித்துப் பார்.

நான் உன்னிடம் பொய் எழுத மாட்டேன். அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இறால் கிள்ளும்போதும் அதுதான், சோறு பிசையும்போதும் அதுதான். அவர் அசைத்து நீ கவனிக்காமல் இருந்தாயா, அசைக்கவே நேரமில்லாமல் போனாரா. எதுவாக இருந்தாலும் அவர் வரப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த நாள் திரும்பவும் கேட்கிறது. உன் மேல் எனக்கு வருத்தமே இல்லை என்றும் என்னால் எழுத முடியவில்லை. இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். கடல் ஒருவரைக் கொண்டுபோனது போதும்.

அதனால் சொல்கிறேன். நீ எனக்குச் சொல்ல வேண்டாம். ஊருக்கு வந்த பிறகு நான் கேட்டாலும் சொல்ல வேண்டாம். கெஞ்சினாலும் வேண்டாம், சாகக் கிடந்து கேட்டாலும் வேண்டாம். அந்த அம்மாவிடம் சொல். அசைந்தது என்றாலும் சொல், அசையவில்லை என்றாலும் சொல். என் காதுக்கு வராது. வராதபடி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நானும் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவின் முத்தங்கள். பெர்னதெத்தின் முத்தங்கள். மாதா உன்னோடு அந்த அறைக்குள் வந்து உட்காரட்டும். நான் வெளியே இருந்துகொள்கிறேன்.

உன் அக்கா
சவேரியம்மாள்