எட்டாவது கிராம்பு

அன்புள்ள என் கிரேன்காரிக்கு,

இங்கே நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பயமில்லாமல் உயரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. பல் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு அப்பா சாப்பிடுவதே இல்லை என்று கேள்விப்பட்டதும், கிரேன் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பி வருவதாக எழுதியிருக்கிறாய். இன்னும் இரண்டே மாதம்தானே இருக்கிறது? அவசரப்படாமல் இதை முழுதாகப் படி.

மாமா பட்டினி கிடந்தது உண்மைதான். கஞ்சி கொடுத்தால் பசை என்றார். சூப் கொடுத்தால் கழுநீர் என்றார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, வழக்கம்போல் சுவரிடம் சொன்னார். அவரைப் பொறுத்தவரை உன்னை வெளியூருக்கு அனுப்பிய பாவி நான். நாலு மாதமாக அந்தச் சுவர்தான் எங்களுக்குள் தூது போகிறது.

இன்று காலை ஒரு கை பார்த்துவிடுவது என்று ஆறு ஆப்பிள் வாங்கி வந்தேன். தோல் சீவி, விதை நீக்கி, துண்டு போட்டு, அரை டம்ளர் தண்ணீரில் வேக வைத்தேன். விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, எட்டு கிராம்பு, ஒரு துண்டு இஞ்சி. பொடி வேண்டாம், முழுசாகப் போட்டால்தான் மணம் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா சொன்னார். துணியில் முடிந்து போடச் சொன்னதை மட்டும் மறந்துவிட்டேன். மசிப்பதற்கு முன் கரண்டியால் துழாவினால் பட்டை வந்தது, இஞ்சி வந்தது, கிராம்பு ஏழுதான் வந்தது. எலக்ட்ரீஷியன் நான், ஒரு திருகு குறைந்தாலும் வீட்டையே புரட்டித் தேடுபவன். ஆனால் அதற்குள் மணம் கூடத்துக்குப் போய், அது என்ன என்று மாமா சுவரைக் கேட்டுவிட்டார். எட்டாவதைத் தேடாமல் அப்படியே மசித்துக் கிண்ணத்தில் கொடுத்தேன்.

மூன்றாவது கரண்டியில் அவர் வாய் அசைவது நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. அவரோ கிராம்பை நாக்கால் புண் பக்கம் ஒதுக்கிவைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். வலி அடங்கியிருக்க வேண்டும், முகம் மெல்லத் தெளிந்தது. பிறகு என்னைப் பார்த்து, ஆமாம், என்னைப் பார்த்தே, "மாப்பிள்ளை, இதை வேணும்னேதான் போட்டீங்களா?" என்றார். நானும் கூசாமல் ஆமாம் என்றேன். காட்டிக்கொடுத்துவிடாதே.

இரண்டாவது கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "வர வேணாம்னு எழுதுங்க. முடிச்சுட்டே வரட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வராதே என்று எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். ஆனாலும் வராதே, கண்ணம்மா. ஏறு.

இப்படிக்கு,
இன்று பகல் பதினொன்றரை மணி முதல் இந்த வீட்டு மாப்பிள்ளை