மனுவில் என் பெயரையும் எழுது

அன்பு மகள் ரோபிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் பேத்தி வெய்சிகோவும் அந்த இங்கிலாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. சோளம் பாதி நனைந்துவிட்டது, கருப்புப் பசு கன்று போட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இப்போது நான் போனை எடுத்தாலே உன் அத்தை வங்கூரு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் இதை எழுதி, நைரோபி போகிற பாதிரியாரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளையோடு வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று என்று நீ சொன்ன நாளிலிருந்து இங்கே எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பெண்பிள்ளைகளின் உறுப்பை வெட்டும் சடங்கை இந்த டிசம்பரில் நடத்துவது என்று குலத்துப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். போன வாரம் அத்தை சந்தையிலிருந்து சின்னதாக ஒரு சிவப்புக் குடை வாங்கி வந்தாள். மழைக்கு என்றாள். வெட்டுப்பட்டு நடக்க முடியாமல் நடந்து வரும் பிள்ளைக்கு மேலே குடை பிடித்து ஆடிக்கொண்டு வருவார்களே, உனக்கும் பிடித்தார்களே. பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்டாள், நானும் மடையன் மாதிரி கையால் காட்டினேன். சட்டம் இருக்கிறதே என்பாய். அதை ஊர்க்கூட்டங்களில் நின்று வாசித்த அதிகாரியே நான்தானே. வெட்டினாலும் குற்றம், எல்லை தாண்டிக் கூட்டிப்போனாலும் குற்றம், தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்தாலும் குற்றம் என்று வாசித்தேன், எல்லோரும் கைதட்டினார்கள், மறுநாளே பிள்ளைகளைத் தான்சானியா பக்கத்து உறவுக்காரர் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். அந்தப் பக்கமும் சட்டம் இருக்கிறது. நடுவில் இருப்பது சோளக்காடு, அரைமணி நேர நடை.

ஞாயிற்றுக்கிழமை மகிகே பெரியப்பா நாலு பேரோடு கேழ்வரகுக் கள்ளுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். போலீசுக்குத் தகவல் சொன்னவன் என்று நாலு வருஷமாக என் முகத்தைப் பார்க்காதவர். "என்னப்பா அதிகாரி, ரோபி புருசன் பரிசமா ஒரு மாடாச்சும் அவுத்துக் குடுத்தானா? அப்ப பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளைதானே. வெட்டாத பொண்ணு நம்ம மாட்டுக்கொட்டில் வாசல மிதிக்கலாமா, நீயே சொல்லு" என்றார். கள்ளை உறிஞ்சும் நாணல் குழாயை என் கையில் கொடுத்தார். நம்மூரில் பேச்சு நடக்கும்போது அந்தப் பானையில் ஒரு வாய் உறிஞ்சினால் சம்மதம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உறிஞ்சினேன் மகளே. யாரும் என்னை மிரட்டவில்லை. அண்ணன் என் தோளில் கை போட்டதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. உன் அம்மா அன்றிலிருந்து எனக்குச் சோறு வைக்கிறாள், என்னோடு மட்டும் பேசுவதில்லை.

அங்கே கோர்ட்டில் மனு கொடுத்தால் பிள்ளையின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னின்னார் அவளைத் தொடக் கூடாது, கூட்டிப்போகக் கூடாது என்று உத்தரவு போடுவார்கள் என்றாய். பெரியப்பா, அத்தை பெயரை எழுதிவிட்டு, "எங்கப்பா இருக்காரு, அவரு விட மாட்டாரு, பாஸ்போர்ட்ட மட்டும் வாங்க வேணாம்னு வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாய். அந்த அம்மாவிடம் போய் மாற்றிச் சொல். உனக்கு வெட்டிய அன்று பக்கத்து ஊரில் வரப்புத் தகராறு என்று பொய் சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஒரு மரத்தடியில் சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தவன் நான். திரும்பி வந்து விருந்தில் ஆட்டுக்கறி தின்றேன். நீ பாயில் கிடந்து என்னிடம் தண்ணீர் கேட்டாய், நான் வேறு யாரையோ கொடுக்கச் சொன்னேன். அப்போது சட்டம் இல்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது சட்டம் இருக்கிறது, நான் அதேபோல்தான் இருக்கிறேன்.

அதனால் மனுவில் முதல் பெயராக என் பெயரை எழுது. ஊர் கேட்டால் என் கையில் விலங்கு விழும் என்று காட்டிச் சொல்ல எனக்கும் அந்தக் கோர்ட்டு உத்தரவுத் தாள் ஒன்று வேண்டும். இனி நான் போனில் பிள்ளையைக் கூட்டி வா என்று சொன்னால், பாவம், அத்தைக்குப் பயந்து பேசுகிறார் என்று நினைக்காதே, மனதாரச் சொல்லுகிறார் என்றே வைத்துக்கொள், வராதே. அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னாலும் வராதே. கடவுள் உன்னையும் குழந்தையையும் எங்கள் கைக்கு எட்டாமல் வைத்திருக்கட்டும். டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய். தவறில்லாமல் எழுத வசதியாக, அடையாள அட்டையில் உள்ளபடி என் முழுப் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு உன் அப்பா,
ஜோசப் ஞாங்கிகே சிந்தா