குமிழிக்கு மறுக்கப்பட்ட ஓடம்

வெண்கோட்டு மலையும் அதன் சுனைகளும் வற்றாது விளங்குக. கருவுற்ற மகளிரும் அவர்தம் வயிற்றில் வளரும் உயிர்களும் நலமுறுக.

வெண்கோட்டு நாடாளும் கோப்பெருந்தேவி, மலைக்காவலர் குடிக்கு மூத்தவள் எழிலங்கை, எழுத்தரை விலக்கித் தன் கையால் எழுதிய ஓலை. பாலியாற்றின் கீழ்க்கரையில் நெல்லும் உப்பும் விளையும் கானல் நாட்டை ஆளும் மாதேவி, நான்கு மக்களைப் பெற்ற திருவயிற்றினள், எம் தங்கை நறுங்கோதை காண்க. உன் மதில்கள் உறுதியுடன் நிற்க. உன் துறையில் கலங்கள் குறையாதிருக்க. உன் மக்கள் நால்வரும் நீடு வாழ்க. இக்கடைசி வாழ்த்தை எழுதுகையில் எம் எழுத்தாணி சற்றே நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

சென்ற கார்த்திகையில் நீ விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. உன் ஆற்றங்கரைப் பேறுகால மனையில் ஓராண்டு முழுதும் ஒரு தாயும் இறக்கவில்லை என்றும், எம் நாட்டுக் கருக்காப்பு ஆணையை யாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அதனை யாம் தற்பெருமை என்று கொண்டு மறுமொழி விடுக்கவில்லை. இன்று விடுக்கிறோம்.

அவ்வாணை பிறந்த வரலாறு உனக்கு முழுதும் தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன், மலையூர்களில் சில ஆடவர் பெண்குழந்தை வேண்டாம் என்று தம் மனைவியருக்குக் கருவழிக்கும் மருந்தை வலிந்து புகட்டினர். கோயில் ஆசான் கண்ணந்தையார் அவைக்கு வந்து, வாய் பேசாத உயிருக்காக அரியணை பேசாவிடில் வேறு யார் பேசுவார் என்று கண்ணீர் மல்கக் கேட்டார். முதலமைச்சர் வில்லவராயரோ, வலிந்து புகட்டுவோரைத் தண்டிக்க வேண்டுமேயன்றி மருத்துவச்சியரின் கையைக் கட்டலாகாது என்றார். இருவரும் நேர்மையாகவே பேசினர். தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் விலக்கு வேண்டும் என்று கண்ணந்தையாரே தம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். அவ்வரியை அடித்துவிட்டு, கருவில் அசைவு உள்ளவரை மருந்து கொடுக்கும் கை வெட்டப்படும் என்று ஆணையிட்டவள் யாமே.

இனி யாம் என்று எழுதேன். செய்தவள் நான்.

மணமாகிப் பதினாறு ஆண்டுகள் குடிக்காத கஷாயம் இல்லை, நேராத நேர்த்திக்கடன் இல்லை. அவை கூடிய அன்று காலைதான் உன் நான்காம் மகனின் பெயர்சூட்டு விழா இனிப்புக் கூடைகள் அரண்மனை வாயிலில் வந்து இறங்கின. அவற்றைத் திறவாமலே குதிரைக் கொட்டிலுக்கு அனுப்பினேன். எனக்குக் கிட்டாததைப் பெற்றும் வேண்டாம் என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணியபோது நெஞ்சு எரிந்தது. பெற்றவள் சுமக்கட்டும் என்று எண்ணிக்கொண்டே அந்த வரியை அடித்தேன். வயிற்றுப்பிள்ளையின் மேல் கொண்ட பரிவு அந்த ஆணையில் பாதியும் இல்லை.

குமிழியை உனக்குத் தெரியும். நம் இருவருக்கும் தலைவாரிப் பூச்சூட்டி, நம்மோடே வளர்ந்தவள். நீ மணமாகிப் போன பின்னும் உன் பெயரையே சொல்லிக்கொண்டிருப்பாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. யானைப்பாகன் சாத்தனை மணந்து இரு பெண்களைப் பெற்று, மூன்றாவது கருவைச் சுமந்திருந்தாள். தை மாதத்தில், ஐந்தாம் திங்கள் நிறையுமுன்பே பனிக்குடம் உடைந்துவிட்டது. மாலைக்குள் காய்ச்சல் கண்டது. அரண்மனை மருத்துவச்சி தத்தை பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

“பிள்ளை இனிப் பிழைக்காது, தேவி. ஆனால் அசைவு இன்னும் இருக்கிறது. இன்றே வெளியேற்றினால் தாயாவது மிஞ்சுவாள். அசைவு அடங்கட்டும் என்று காத்திருந்தால் இருவரும் இல்லை.”

குமிழியின் கட்டிலருகே சென்று, கண்ணந்தையாரையும் வில்லவராயரையும் அங்கேயே அழைத்துக் கேட்டேன். காப்பாற்ற முடியாத உயிருக்காகக் காப்பாற்றக்கூடிய உயிரை விடுவதை எந்த அறமும் கேட்கவில்லை என்று கண்ணந்தையார் தெளிவாகவே சொன்னார். வில்லவராயர் இன்னொரு வழியும் காட்டினார். ஆணையைத் தளர்த்த மனமில்லையெனில் துறையில் ஓடம் நிற்கிறது, அரைநாளில் கானல் நாடு சேரலாம், அங்கே இவ்வாணை செல்லாது என்றார். அப்போது கட்டிலில் கிடந்த குமிழி என் கையைப் பற்றினாள்.

“என்னைக் கோதையிடம் அனுப்பிவிடுங்கள், தேவி.”

வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் அன்று நான் இளகியிருப்பேன். மக்கட்பேறு உனக்கு, நாட்டாரின் புகழ் உனக்கு, என் குமிழியின் உயிரும் உன் கையால்தான் மீள வேண்டுமா என்று எண்ணினேன். ஆணை ஆணையே என்று சொல்லி, ஓடத்தைத் துறையிலேயே கட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் அசைவு அடங்கியது. தத்தை மருந்து கொடுத்தாள். அதற்குள் நஞ்சு உடலெங்கும் பரவியிருந்தது. நான்காம் நாள் நண்பகலில் குமிழி போனாள்.

அன்றே தத்தை தன் மருந்துப்பையைத் தூக்கிக்கொண்டு உன் கரைக்கு வந்துவிட்டாள். நீ அவளுக்கு இருக்கை கொடுத்துச் சிறப்பித்தாய் என்று கேட்டு இன்னும் எரிந்தேன். குமிழிக்காக நீ மூன்று நாள் உண்ணாமல் இருந்தாய் என்று கேட்டபோதோ, அவளுக்காக அழும் உரிமையும் உன்னிடம் போய்விட்டதே என்று பொறாமைப்பட்டேன். இதைவிடக் கீழ்மை ஒன்று என்னிடம் இருந்ததாக நினைவில்லை.

அதன் பின்னரே வில்லவராயரின் அறிக்கையைப் படித்தேன். இம்மூன்று ஆண்டுகளில் மலைநாட்டில் பேறுகாலத்தில் இறந்த தாய்மார் முன்னைக்கு இருமடங்கு. சிலர் மறைவில் நச்சுவேர் அரைத்துக் குடித்தவர். சிலர் குமிழியைப் போல் காத்திருந்து மாண்டவர். ஆணையினால் பிழைத்த குழந்தைகளும் உண்டு என்று கண்ணந்தையார் சொன்னார். அக்குழந்தைகளைக் கண்டேன், அதையும் மறுக்கவில்லை.

பின்னர் சாத்தன் வீட்டுக்குத் தனியே சென்றேன். பாய் விரித்தான், நீர் தந்தான், ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் கடைசியில் ஏதேனும் சொன்னாளா என்று நானே கேட்டேன்.

“தேவி மனம் மாறுவார் என்றுதான் மூன்று நாளும் சொன்னாள். ஓடத்துக்கு மூட்டை கட்டி வைக்கச் சொன்னாள். கட்டி வைத்தேன்.”

என் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தவளை, உன்மேல் அன்பு வைத்தவள் என்று தண்டித்திருக்கிறேன்.

ஆதலின் அறிக. தாய்க்கு ஆபத்து என்று மருத்துவச்சி கண்ட கணமே, தாயின் இசைவோடு, அரசவையையோ ஆசானையோ கேளாது மருந்து கொடுக்கலாம். கையை வெட்டும் தண்டனை நீக்கப்பட்டது. வலிந்து புகட்டுவோருக்கான தண்டனை நிற்கும். தாய்க்கு ஆபத்தில்லாதபோது என் செய்வது என்பதில் கண்ணந்தையாரும் வில்லவராயரும் இன்னும் உடன்படவில்லை. அதனை அவை தொடர்ந்து ஆராயும். இம்முறை பெற்ற தாய்மாரும் மருத்துவச்சியரும் அவையில் அமர்ந்து பேசுவர். ஆற்றைக் கடந்து உன் நாடு புகுந்த என் நாட்டு மகளிர் அச்சமின்றித் திரும்புக.

தத்தையைத் திருப்பி அனுப்பு என்று கேட்க எனக்கு முகமில்லை. என் நாட்டு மகளிர் ஐவரை விடுக்கிறேன். அவளிடம் அவர்கள் தொழில் கற்க நீ இசைய வேண்டும். அவள் மறுத்தால் வற்புறுத்தாதே.

புதிய ஆணை துறைதோறும் சந்தைதோறும் படிக்கப்படும். முந்தைய ஆணையின் காரணமும் உடன் படிக்கப்படும். ‘அரசி பிழைபட எண்ணினாள்’ என்று எழுதினால் போதும் என வில்லவராயர் மன்றாடினார். நான் இசையவில்லை. ‘அரசி பொறாமையால் இட்டாள்’ என்றே எழுதுவித்தேன்.

தங்கையே, உன்மேல் கொண்ட பொறாமை இதனை எழுதும் இப்போதும் தீரவில்லை. ஆணையிட்டு அதனை ஒழிக்க என்னால் இயலாது. ஆயினும் அதன் கையில் இனி இந்நாட்டின் முத்திரை இராது.

மூங்கிலும் மலையும் பொறித்த இலச்சினை, என் கையால் இடப்பட்டது. ஓடங்கள் இன்றே அவிழ்க்கப்படுக.