இரண்டு பேருக்கான அறை

ஃபுன்ஷால் துறைமுகம்,
மதெய்ரா தீவு.
திங்கட்கிழமை.

அன்பு மகள் ஜானிஸுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். போல்டனில் நீயும் மாப்பிள்ளை கோர்டனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு செய்தி. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். உறை மேல் இருக்கும் விலாசமும் என் கையெழுத்துதான். என்னோடு அறையில் இருக்கும் ஆர்ச்சி, நீ சொல்லு நான் எழுதுகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். நூலகத்து மாலை வகுப்பில் மிஸ் ஓக்டன் என்னை வழியனுப்பும்போது, "வில்ஃப், நீள வாக்கியத்துக்கு ஆசைப்படாதீங்க, மூச்சு வாங்கும்" என்று சொன்னார். அதன்படியே எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன். இப்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எழுத்து மெதுவாக வருகிறது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் மேல்தளத்தைச் சுற்றிவிட்டு வருகிறேன்.

இங்கே கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். அறைக் கதவின் பின்பக்கம் உயிர்காப்பு அங்கியைக் கட்டும் முறை ஒட்டியிருக்கிறது. முழுதும் படித்துவிட்டேன். சோப்பு உறையில்கூட எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இத்தனை நாள் அதைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. ஆர்ச்சி டன்டீ ஊரில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்கிறார்: "யோவ், தீயணைப்பு அறிவிப்பையும் விட்டுவைக்கலையா? படிக்கிறதுதான் படிக்கிற, வாய்க்குள்ள படியேன். கனவுல எனக்குக் கப்பல் எரியுது."

எங்கள் அறை கப்பலின் அடித்தளத்தில், மூக்குப் பக்கம் இருக்கிறது. நங்கூரச் சங்கிலி இறங்கும்போது டம்ளருக்குள் என் பொய்ப்பல் நடனம் ஆடுகிறது. சன்னல் கிடையாது. டி.வி.யில் ஒரு அலைவரிசையில் கப்பலுக்கு முன்னால் உள்ள கடலை நாள் முழுக்கக் காட்டுகிறார்கள். ஆர்ச்சி அதைத்தான் சன்னல் என்கிறார். இரண்டு பக்கமும் துண்டைத் தொங்கவிட்டுத் திரைச்சீலையும் போட்டாயிற்று.

வேலை, விண்ணப்பத்தில் நீ எனக்குப் படித்துக் காட்டியதுதான். துணையில்லாமல் பயணம் வரும் பெண்களோடு ஆட வேண்டும். அதற்குப் பதில் அறையும் சாப்பாடும் இலவசம். உன் அம்மா போன பிறகு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த என்னை நீதான் எழுப்பி இதற்கு அனுப்பினாய். நல்ல காரியம் செய்தாய். முழங்கால் வலிகூட ஓடிவிட்டது.

ஆனால் விதிகள் கடுமை. கேளிக்கைகளுக்கு மேலாளரான பெல்ஹாம் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். ஒரே பெண்ணோடு தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஆடக் கூடாது. யாரிடமும் தனிப்பிரியம் காட்டக் கூடாது. லிஃப்ட் வரை கொண்டுபோய் விடலாம், அதற்கு மேல் கூடாது. பயணியின் அறைக்குள் கால் வைத்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். அவர் கண்காணிக்கவே வேண்டாம், பெண்களே கணக்கு வைக்கிறார்கள். ஹாரகேட்டிலிருந்து வந்த மிசஸ் த்வைட் நேற்று என்னை நிறுத்தி, "எனக்குன்னா பாட்டு பாதியில முடியுது, அந்தம்மாவுக்குன்னா முழு வால்ட்ஸா? பாண்டுக்காரனுக்கு என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை.

அந்தம்மா என்று அவர் சொன்னது எடித் பென்ரோஸை. பென்சான்ஸ் ஊர்க்காரர், கணவரை இழந்தவர். ஆடும்போது தன் காலையும் பார்க்க மாட்டார், என் முகத்தையும் பார்க்க மாட்டார். தலையைச் சற்றுச் சாய்த்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டே திரும்புவார். உன் அம்மாவுக்குப் பிறகு ஒருவர் என் கையில் பாரமே இல்லாமல் திரும்பியது இப்போதுதான். இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தல் திருத்தல் கூடாது என்பார் மிஸ் ஓக்டன். இருக்கட்டும்.

ஆர்ச்சி எச்சரிக்கிறார்: "அவங்களோட ஆடுறப்ப மூஞ்சியக் கொஞ்சம் கவலையா வச்சுக்கய்யா. நீ இருக்கிற சந்தோஷத்தப் பார்த்தா மதெய்ராலயே உன்னை இறக்கி விட்டுடுவாங்க." முயற்சி செய்கிறேன். வரவில்லை.

அன்புடன்,
உன் அப்பா வில்ஃப்.


லாஸ் பால்மாஸ்.
புதன்கிழமை.

அன்பு ஜானிஸ்,

உனக்கும் கோர்டனுக்கும் என் அன்பு. இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. காலையில் கிப்பர் மீன் கொடுத்தார்கள், நம் ஊர் ருசி இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுதாவிட்டால் எனக்கு நிலைகொள்ளாது.

திங்கட்கிழமை மாலைத் தேநீர் நடனம் முடிந்து எடித்தை லிஃப்ட் வாசலில் விட்டுவிட்டு என் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடைபாதையின் கோடியில் ஒரு ஆளின் சத்தம் கேட்டது. "யாரும்மா நீங்க? சாவிய வச்சு என் கதவை ஏன் குடையிறீங்க?" போய்ப் பார்த்தால் எடித். அறை மாறி இல்லை, தளமே மாறி வந்திருந்தார். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். அவர் சுவரில் கை வைத்தபடி நின்றார்.

அப்போதுதான் சொன்னார். அவருக்குக் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் மங்கலாகத் தெரியும். கதவு எண் தெரியாது, எழுத்து தெரியாது, முகம் தெரியாது. லிஃப்டிலிருந்து எத்தனையாவது கதவு என்று கையால் தடவி எண்ணிப் போவாராம். அன்று யாரோ தவறான பொத்தானை அழுத்திவிட்டார்கள். கப்பலில் யாரிடமும் சொல்லவில்லை. "ட்ரூரோல இருக்கிற என் மகனுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். முதியோர் இல்லத்துல சன்னலோரமா ஒரு நாற்காலி போட்டு உட்கார வச்சிடுவான். அந்தச் சன்னல்ல எனக்கு என்ன தெரியப்போகுது?" என்றார்.

அவர் அறைக்குக் கூட்டிப்போனேன். எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தும் விட்டேன். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கதவடியில் ஒரு தாள் கிடந்தது. மறுநாள் நிகழ்ச்சிகளைத் தினமும் அச்சடித்து இப்படித் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர் அதை எடுத்து என்னிடம் நீட்டி, "சிரமம் இல்லைன்னா படிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

ஜானிஸ், எழுபத்து நான்கு வயதில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் அதைக் கேட்கிறார். நான் உள்ளே போனேன்.

என் காலணியைக் கழற்றிக் கதவு மூடாதபடி இடையில் வைத்தேன். மேலே இருக்கும் அறை எப்படி இருக்கிறது தெரியுமா. கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே பால்கனி, கீழே முழுக் கடல். எல்லாமே இரண்டு. இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை. தலையணைக்கு ஒன்றாக இரண்டு சாக்லேட். அறையைப் பார்த்துக்கொள்ளும் சாவியோ என்ற கோவாக்காரர் துண்டை அன்னம் போல மடித்து இரண்டு கட்டிலிலும் வைத்துவிட்டுப் போயிருந்தார். எடித் கெட்டிலில் தேநீர் போட்டார். நான் விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்தேன். நாளை மாலைக்கு என்ன உடை, காற்று, அலை, சூரியன் மறையும் நேரம், பகல் உணவுக்கு என்ன சூப் என்பது வரை. நடுவில் ஒரு சொல்லில் தடுக்கி நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

முடித்ததும் சொன்னார்: "என் மகன் படிச்சா மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். நீங்க ஒவ்வொரு வார்த்தையையும் இப்பத்தான் கடையில வாங்கிட்டு வந்த மாதிரி படிக்கிறீங்க." நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது போன வருடம்தான் என்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். இன்னொரு சாக்லேட்டை என் பக்கம் தள்ளினார்.

நேற்றும் போனேன். இன்றும் போவேன். தப்பு என்று தெரியும். நாள் முழுக்க அந்தத் தாள் எப்போது வரும் என்றே மனம் சுற்றுகிறது. சாப்பாட்டில் கவனம் இல்லை. ஃபாக்ஸ்ட்ராட் ஆட்டத்தில் மிசஸ் த்வைட்டின் காலை மிதித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இதைக் கோர்டனுக்கு இப்போது சொல்லாதே.

அன்புடன்,
அப்பா.


லிஸ்பன்.
வெள்ளிக்கிழமை.

என் அன்பு ஜானிஸ்,

காலையில் துறைமுகத்திலிருந்து உனக்குத் தொலைபேசியில் பேசப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போயிருப்பாய். அதனால் இதை எழுதுகிறேன். பாண்டில் எக்காளம் ஊதுகிறவர் இன்று விமானத்தில் ஊர் திரும்புகிறார். லண்டனில் இறங்கியதும் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நாளையே உனக்குக் கிடைத்துவிடும். மாலையில் கப்பல் கிளம்புவதற்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

மாட்டிக்கொண்டேன். திறந்த கதவும் அதில் செருகிய என் காலணியும் காட்டிக்கொடுத்துவிட்டன. அந்த வழியே போன மிசஸ் த்வைட் பார்த்துப் புகார் கொடுத்துவிட்டார். கதவை மூடியிருந்தால் தெரிந்திருக்காது என்கிறார் ஆர்ச்சி. மூடியிருந்தால் நான் எப்படிப்பட்ட ஆளாகியிருப்பேன்?

பெல்ஹாம் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "மிஸ்டர் என்ட்விசில், நீங்க நல்ல மனுஷர்னு எனக்குத் தெரியும். ஆனா உங்களை விட்டா நாளைக்கு இன்னொருத்தரையும் விடணும். லிஸ்பன்ல இறங்கிக்குங்க. வீட்டுக்கு நாங்களே அனுப்பி வைக்கிறோம்" என்றார். எதற்காக உள்ளே போனேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எடித்தின் கண் விஷயம் வெளியே வந்துவிடும். சீட்டு வாங்கிப் பயணியாகத் தொடர முடியுமா என்று மட்டும் கேட்டேன். கப்பலில் ஒரு அறைகூடக் காலி இல்லை என்றார்.

அப்போது கதவு திறந்தது. ஆர்ச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு எடித் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மிஸ்டர் பெல்ஹாம், எனக்குக் கண் தெரியாது. இவர் எனக்கு வாசிச்சுக் காட்ட வந்தார். அது ஒண்ணு. இன்னொண்ணு, என் அறைக்கு நான் எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கேன்?"

"தனியா வர்றவங்க இருவர் அறை எடுத்தா ரெண்டு பேர் கட்டணம்தாங்கம்மா. எல்லாக் கப்பல்லயும் அதுதான் வழக்கம்."

"அப்ப ரெண்டாவது ஆளுக்குக் கட்டில் இருக்கு, சாப்பாடு இருக்கு. அன்னமா மடிச்ச துண்டு உட்பட எல்லாத்துக்கும் வாங்கியாச்சு. ஆள்தான் வரல."

"ஆமாங்கம்மா. ஆனா..."

"வந்துட்டாரு. அதோ அந்த நாற்காலியிலதானே உட்கார்ந்திருக்கார்? அவர் பெட்டிய மேல அனுப்புங்க."

நான் வேறு நாற்காலியில் இருந்தேன். யாரும் திருத்தவில்லை. ஆர்ச்சிக்கு இருமல் வந்துவிட்டது. பெல்ஹாம் பயணிகள் பதிவை எடுத்துப் பிரித்தார். பிறகு, வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு வேலைக்காரர்களின் விதி பொருந்தாது என்று மெல்லச் சொன்னார். அந்தப் பதிவில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஆனால் கப்பல் நகர்வதற்குள் போட வேண்டும் என்றார்.

நான் எடித்திடம், என் மகளைக் கேட்க வேண்டும் என்றேன். "கேளுங்க. நான் என் மகனைக் கேட்கப்போறதில்லை. கேட்டா எல்லாத்துக்கும் வேண்டாம்னுதான் சொல்வான். உங்க மக எப்படியோ, எனக்குத் தெரியாதே" என்றார். நீ எப்படி என்று அவரிடம் சொன்னேன். அப்பாவுக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றையும் சமையலறை மேசையில் வைத்துச் சலிக்காமல் படித்துக் காட்டிய பெண் என்று சொன்னேன்.

மதியம் மிசஸ் த்வைட் வந்தார். "கண்ணு தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் போய்ச் சொல்லப் போறேன்? எனக்கு ரெண்டு ஆட்டம் குறைஞ்ச கடுப்பு, அவ்வளவுதான்" என்றார். போகும்போது என் காலை வேண்டுமென்றே மிதித்தார். கணக்கு தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். மேல்தளத்தில் எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. உன் பதில் இன்று வராது. நீ என்ன சொல்வாய் என்று உன் குரலிலேயே நினைத்துப் பார்த்தேன். ஒரு சுற்றில் சரி என்றாய், மறு சுற்றில் பேசாமல் நின்றாய். கடைசியில் பெல்ஹாமின் அறைக்குப் போனேன். பயணிகள் பதிவுத் தாளை முழுதும் படித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருக்கட்டும் என்று படித்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நானே படித்துத் தெரிந்து போட்டது இதுதான் முதல்.

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு சிறு மேசை இருக்கிறது. அது அங்கேயே இருக்கும். இதை உன்னிடம் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவின் இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை யாருக்கும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கப்பல் சவுத்தாம்ப்டன் சேரும். நாங்கள் இருவராக இறங்குவோம். போல்டனிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நீ வராவிட்டால் வேலை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், வேறு எதுவும் நினைக்க மாட்டேன்.

வந்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதிரில் யாரோ நிற்பதுதான் எடித்துக்குத் தெரியும். அது யார், சிரிக்கிறார்களா, முகம் சுளிக்கிறார்களா, எதுவும் தெரியாது. நீ பேசாமல் நின்றால் அவருக்கு நீ அங்கே இல்லை. அதனால் நீ முதலில் பேசு, ஜானிஸ். பெரிதாக ஒன்றும் வேண்டாம். பயணம் எப்படி இருந்தது என்று கேள். மழையைப் பற்றி ஏதாவது சொல். உனக்கு வாயில் வரும் ஒரு வார்த்தை போதும்.

கடவுள் உன்னையும் கோர்டனையும் நலமாக வைத்திருக்கட்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா.